வாசகர் கேள்வி – பதில்: வீட்டிலேயே கலக்கும் தோட்ட மருந்துகள்

களைக்கும் பூச்சிக்கும் வீட்டிலேயே மருந்து கலப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: வினிகர், உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் கலந்து களை மேல் தெளித்தேன். மறுநாளே எல்லாம் கருகிவிட்டன. ஆனால் பத்துப் பதினைந்து நாளில் கோரை மட்டும் மறுபடி முளைத்து நிற்கிறது. உப்பை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். இனி அந்தக் கலவையில் உப்பைச் சேர்க்கவே வேண்டாம்.

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் தான் பட்ட இலையின் செல் சவ்வை உடைத்து ஈரத்தை வெளியேற்றுகிறது. அதனால்தான் சில மணி நேரத்திலேயே இலை வாடிக் கருகுகிறது. சோப்பு, கரைசல் இலையில் உருண்டோடாமல் பரவி ஒட்ட உதவுகிறது. உப்பும் கருக்கத்தான் செய்கிறது, ஆனால் வேலை முடிந்த பிறகும் மண்ணைவிட்டுப் போவதில்லை. அசிட்டிக் அமிலத்தை மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சீக்கிரமே சிதைத்துவிடும். உப்பில் உள்ள சோடியம் சிதையாது. அது மண்ணின் பொலபொலப்பைக் கெடுத்து, மேல்மண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்காமல் செய்துவிடும். மழை பெய்தால் கரைந்து பக்கத்துச் செடியின் வேருக்குப் போகும். களை போன இடத்தில் உவர் நிலம்தான் மிஞ்சும்.

கோரை திரும்பி வந்ததற்குக் காரணம் வேறு. சமையல் வினிகரில் அமிலம் 4 முதல் 5 சதவீதம்தான். இரண்டு நான்கு இலை விட்ட இளங்களையை அது கொல்லும். கோரைக்கும் அருகம்புல்லுக்கும் மேலே இருப்பதை மட்டும் எரிக்கும். கோரையின் உயிர் மண்ணுக்கடியில் சங்கிலி போலத் தொடரும் கிழங்குகளில் இருக்கிறது. ஒரு கிழங்கின் தளிர் கருகினால் அடுத்த கண் விழித்துக்கொள்ளும். அதைப் பட்டினி போட்டுத்தான் ஒழிக்க முடியும். தளிர் வந்து ஐந்தாறு இலை விடுவதற்குள், ஈரமண்ணில் சிறு கொத்தால் கிழங்கோடு கிளறி எடுங்கள். அந்தப் பருவம் தாண்டினால் அது புதுக் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், அதுவரை நீங்கள் எடுத்ததெல்லாம் வீண். விடாமல் இரண்டு மூன்று பருவம் செய்தால் அடங்கும். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள். அங்கேயே முளைக்கும்.

கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்தால் போதாதா என்றும் இருவர் கேட்டிருக்கிறார்கள். மற்றக் களைகளுக்குப் போதும். கோரையின் கூர்முனை தாளையே துளைத்துக்கொண்டு வரும்.

கேள்வி: 20 சதவீத வினிகர் கிடைக்கிறது. அதை வாங்கலாமா?

பதில்: வேலை செய்யும். ஆனால் அதைச் சமையலறைப் பொருளின் உறவினராக நினைக்கக் கூடாது. அந்தச் செறிவில் அது தோலைப் புண்ணாக்கும் அமிலம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. பக்கமும் மூடிய கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கை உடை இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. உலோகத் தெளிப்பானை அரிக்கும், ஆகவே பிளாஸ்டிக் தெளிப்பானே சரி. இத்தனைக்கும் பிறகும் கிழங்குக்களை மறுபடி முளைக்கத்தான் செய்யும்.

நடைபாதைக் கல் இடுக்கில் வரும் களைக்குக் கொதிக்கும் தண்ணீரே போதும். மூக்குள்ள கெட்டிலில் எடுத்து, மூடிய காலணி அணிந்து, தரையை ஒட்டி மெதுவாக ஊற்றுங்கள். பாத்தியில் ஊற்றாதீர்கள், மண்புழுவும் பக்கத்துச் செடியின் வேரும் வெந்துபோகும்.

பாத்திக்குள் மூடாக்குதான் சிறந்தது. களையை எடுத்த கையோடு காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். அதைவிட மெல்லியதாக இருந்தால் வெளிச்சம் இறங்கி விதை முளைக்கும். தண்டை ஒட்டிக் குவித்தால் தண்டு அழுகும், நான்கு விரல் இடம் விட வேண்டும்.

கேள்வி: களைக்கு வினிகரோடு பிளீச்சிங் கரைசலும் கலந்தால் வேகமாகச் சாகும் என்கிறார்களே?

பதில்: கலக்கவே கூடாது. பிளீச்சில் எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைத் தாக்கும் நச்சு. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் சேர்ந்தால் குளோரமைன் என்னும் இன்னொரு நச்சு வாயு வரும். பழைய தெளிப்பானில் முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் அடுத்ததை ஊற்றினாலும் இதே ஆபத்துதான். தெரியாமல் கலந்துவிட்டால் பாத்திரத்தைத் தூக்கிக் கொட்டப் போகாதீர்கள். மூச்சை அடக்கி உடனே காற்றோட்டமான வெளியிடத்துக்குப் போங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தேன். பூச்சி சாகவில்லை, செடியின் இலைதான் கருகியது. எங்கே தவறு?

பதில்: இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். முதலில் கருகல்.

எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கலக்காமல் மேலே மிதந்திருக்கும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதலில் வெறும் தண்ணீர் வரும். கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்தில் எண்ணெய் மட்டும் வரும். அந்தக் கடைசிப் பங்கு பட்ட செடிதான் கருகும். கலக்கும் வரிசை முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீர் 100 மி.லி. எடுத்து, 1 முதல் 2 மி.லி. திரவ சோப்பு விட்டுக் கலக்குங்கள். அதில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுப் பால் போல வெளுக்கும்வரை மூடி குலுக்குங்கள். பிறகு தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்குங்கள். ஐந்து நிமிடம் வைத்தபின் மேலே எண்ணெய்க் கண்கள் தெரிந்தால் இன்னும் சில துளி சோப்பு தேவை என்று பொருள். தெளிக்கும்போதும் இடையிடையே குலுக்க வேண்டும். கலந்ததை அன்றே முடித்துவிடுங்கள், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் குறைந்துவிடும்.

நேரமும் காரணமாக இருந்திருக்கலாம். வெயிலில், அதாவது 30 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போது, எண்ணெயோ சோப்போ பட்ட இலை வெந்துபோகும். தண்ணீர் இல்லாமல் வாடிய செடிக்கும் அடிக்கக் கூடாது. கந்தகம் தெளித்த செடி என்றால் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், இரண்டும் சேர்ந்தால் கருகல் நிச்சயம். எந்தக் கரைசலானாலும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் மட்டும் தெளித்து, 48 மணி நேரம் பார்த்துவிட்டு மற்ற இலைகளுக்குப் போங்கள். பெரணிகளும் பிஞ்சு நாற்றுகளும் சீக்கிரம் கருகும் ரகம்.

இனி, பூச்சி சாகாதது. வேம்பு தொட்டவுடன் கொல்லும் விஷம் அல்ல. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாமல் செய்கிறது, தோலுரித்து வளரவிடாமல் தடுக்கிறது. பலன் தெரிய நான்கைந்து நாளாவது ஆகும். இளம் பூச்சிகளிடம் நன்றாக வேலை செய்யும், முழு வளர்ச்சி அடைந்தவற்றிடம் அவ்வளவாக இல்லை. இது வெயிலிலும் சீக்கிரம் சிதைவதால் மாலையில் தெளிக்க வேண்டும், 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். அசாடிராக்டினைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் தெளிந்த எண்ணெயும் வேப்பெண்ணெய் என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. அது பூச்சியின் மூச்சுத் துளையை அடைத்து வேலை செய்யும், தின்னவிடாமல் செய்யும் குணம் அதில் இராது. குளிர்முறையில் பிழிந்ததாக, கசப்பு வாடை தூக்கலாக இருப்பதே உங்களுக்குத் தேவை.

வேப்பங்கொட்டை கிடைப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை எண்ணெய் கக்காத அளவுக்கு இடித்து, துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிடுங்கள். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்பு சேர்த்து, அன்று மாலையே தெளித்துவிடுங்கள். பூஞ்சணம் பிடித்த கொட்டையை ஒதுக்குங்கள்.

வேப்பெண்ணெய் இயற்கைப் பொருள்தானே என்று குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கு அது உள்ளே போய் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன.

கேள்வி: செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் எந்த அளவில்? சிலர் துணி சோப்புத் தூளே போதும் என்கிறார்கள்.

பதில்: தூள் வேண்டாம். அதில் சோடாவும் வெளுப்பானும் இருக்கும், அவை இலையைச் சுடும். பாத்திரம் கழுவும் திரவங்களிலும் பெரும்பாலானவை உண்மையில் சோப்பு அல்ல. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கச் செய்த டிடர்ஜெண்ட் அது. இலையின் மெழுகுப் படலமும் அதற்கு ஒரு பிசுக்குதான், அதையும் கரைத்துவிடும். தோட்டத்துக்கு உகந்தது பொட்டாசியம் உப்பால் ஆன திரவ சோப்பு. வாசனையும் நிறமும் சேராதது நல்லது. 1 லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. போதும். 20 மி.லி.க்கு மேல் போகாதீர்கள்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கடினநீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் பிரிந்துவிடும், பூச்சியைக் கொல்லச் சோப்பு மிஞ்சாது. ஒரு கண்ணாடிப் புட்டியில் கலந்து குலுக்கிப் பாருங்கள். நுரை நிற்காமல் திரை படிந்தால் மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ பயன்படுத்துங்கள்.

சோப்பு ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும், அதுவும் நேரடியாகப் பட்ட பூச்சியை மட்டும் கொல்லும். காய்ந்தபின் அதன் மேல் நடக்கும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அசுவினி, வெள்ளை ஈ, செஞ்சிலந்தி எல்லாமே இலையின் அடிப்பக்கத்தில்தான் கூட்டம் போடும். தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி அடியிலிருந்து அடிக்க வேண்டும். முட்டையை இது தொடாது, எனவே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது தெளிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், தெளிப்புக் குழாயில் வெறும் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிப் பாருங்கள். கீழே விழுந்த அசுவினிகளில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. பாதி நேரம் மருந்துக்கு வேலையே இராது.

கேள்வி: மாவுப்பூச்சியை எத்தனை முறை துடைத்தாலும் வந்துவிடுகிறது. எறும்பும் கூட்டமாக ஏறுகிறது.

பதில்: எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சி போகாது. அது சுரக்கும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டுகிறது. தண்டைச் சுற்றி அகலமான காகித நாடா கட்டி, அதன் மேல் பசை தடவுங்கள். பசையையோ கிரீஸையோ நேரடியாகப் பட்டையில் பூசக் கூடாது, தண்டு வெந்து வெடிக்கும். நாடாவுக்குக் கீழே இடுக்கு இருந்தால் எறும்பு அதன் வழியே நுழையும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளையை வெட்டிவிடுங்கள், அதுவே பாலமாகிவிடும்.

புற்றையே அடக்க வேண்டுமென்றால் இரை வைக்கலாம். 500 மி.லி. வெந்நீரில் 100 கிராம் சர்க்கரை, 5 கிராம் போரிக் அமிலம் கரைத்து ஆறவிடுங்கள். பஞ்சில் நனைத்து, மூடியில் எறும்பு மட்டும் நுழையும் அளவு துளையிட்ட டப்பாவில் வைத்து, எறும்புச் சாரை அருகே வையுங்கள். வேகமாகச் சாகட்டும் என்று போரிக் அமிலத்தைக் கூட்டினால் காரியம் கெடும். எடுத்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குள் இருக்கும் ராணிக்கு ஒரு துளியும் போகாது. மெதுவாகக் கொல்வதுதான் இதன் சூட்சுமமே. முதல் இரண்டு நாள் எறும்பு அதிகமாகத் தெரியும், கலைக்காதீர்கள். இரையை மண்ணில் ஊற்றக் கூடாது. போரிக் அமிலத்தில் உள்ள போரான் செடிக்கு மிகச் சிறு அளவில்தான் தேவை, கொஞ்சம் கூடினாலே இலை ஓரம் காயும். குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் இது நஞ்சு. டப்பா அவர்கள் எட்டவோ உருட்டவோ முடியாத இடத்தில் இருக்கட்டும்.

ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, எளிதில் தீப்பிடிக்கும்.

துடைக்கும் முன் ஒரு நொடி உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு வகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியது போலவே இருக்கும். ஒரு குச்சியால் தொட்டால் தெரிந்துவிடும். மாவுப்பூச்சி அசைவது தெரியாத அளவு மந்தம். இந்தப் புழு அதைவிடப் பெரியது, விறுவிறுவென்று நகரும். அதைக் கண்டால் மருந்தைக் கீழே வையுங்கள்.

கேள்வி: புகையிலை ஊறவைத்த தண்ணீரும் அரளி, ஊமத்தை இலைக் கரைசலும் எல்லாப் பூச்சிக்கும் கைகண்டது என்கிறார்கள். காய்கறிக்கு அடிக்கலாமா?

பதில்: அடிக்கக் கூடாது. பூச்சியைக் கொல்வது உண்மைதான், நிகோட்டின் மனிதனுக்கும் கடும் நஞ்சு என்பதும் உண்மைதான். குடிக்க வேண்டியதில்லை, ஈரமான தோல் வழியாகவே உடலில் ஏறும். பறித்த ஈரப் புகையிலையைக் கையாளும் தொழிலாளர்களுக்கே குமட்டல், தலைசுற்றல், வாந்தி வருவது இதனால்தான். ஊறவைத்த தண்ணீரில் எவ்வளவு நிகோட்டின் இறங்கியது என்று வீட்டில் அளக்க வழியில்லை. இன்னொரு வினையும் உண்டு. புகையிலை மொசைக் வைரஸ் காய்ந்த இலையிலும் சாகாது. தக்காளி, மிளகாய், கத்தரி எல்லாம் புகையிலையின் குடும்பமே. பூச்சியை விரட்டப் போய், மருந்தே இல்லாத நோயை நீங்களே தெளித்துவிடுவீர்கள். பீடி, சிகரெட் தொட்ட கையை சோப்பால் கழுவிவிட்டுத்தான் அந்தச் செடிகளைத் தொட வேண்டும் என்பதும் இதனால்தான்.

அரளியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சும் ஊமத்தையில் மூளையையும் நரம்பையும் தாக்கும் நஞ்சும் உள்ளன. தின்னும் செடி எதிலும் இவை படக் கூடாது. ஆமணக்குப் புண்ணாக்கையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். சரியாகச் சூடேற்றாத புண்ணாக்கில் ரிசின் என்னும் கடும் நஞ்சு மிஞ்சியிருக்கும். எலும்புத் தூளோடு கலந்து போட்டால் அந்த வாடைக்கு நாய் தோண்டித் தின்னும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இஞ்சி–பூண்டு–மிளகாய்க் கரைசல் பாதுகாப்பானதுதானே?

பதில்: சாப்பிடும் பொருள்தான், ஆனாலும் கண்ணுக்குப் பகை. 1 லிட்டருக்குப் பூண்டு 18 கிராம், இஞ்சி 9 கிராம், பச்சை மிளகாய் 9 கிராம் அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் முனை அடைக்கும். அடைப்பை வாயால் ஊதி எடுக்கப் போய்த்தான் பலர் அவதிப்படுகிறார்கள். அரைவையின் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று தெளியுங்கள்.

கண்ணில் பட்டால் கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவிட வேண்டும். எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். தோல் எரிந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள், மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை. இந்தக் கரைசல் நல்லது கெட்டது பார்க்காமல் பொறிவண்டையும் விரட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: நத்தைக்கு உப்புத் தூவலாமா? முட்டை ஓடு?

பதில்: உப்பு ஏன் வேண்டாம் என்பது மேலே உள்ளது. முட்டை ஓட்டின் மேல் நத்தை நிதானமாக ஏறிப் போகும். சர்க்கரை, ஈஸ்ட் கலந்த தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி மண்ணில் புதைத்தால் அந்த வாடைக்கு வந்து விழும். கிண்ணத்தின் விளிம்பு மண்ணுக்கு மேல் 2 செ.மீ. உயர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் நத்தை முட்டையைத் தின்னும் நல்ல வண்டுகளும் விழுந்துவிடும். மாலையில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதுதான் உறுதியான வழி. வெறுங்கையால் தொடாதீர்கள். சில நத்தைகளில் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் உருளைப்புழு இருக்கிறது. நத்தை ஊர்ந்த கீரையை இலை இலையாகக் கழுவி, வேகவைத்தே உண்ணுங்கள்.

கேள்வி: தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம்? மிச்சக் கரைசலை என்ன செய்வது?

பதில்: பறிக்க வேண்டியதைப் பறித்துவிட்டுத் தெளியுங்கள். அடுத்த பறிப்புக்கு வேப்பெண்ணெய் என்றால் ஒரு வாரம் விட்டால் கசப்பும் போய்விடும். சோப்பு மட்டும் என்றால் நன்றாகக் கழுவினால் போதும். பூத்திருக்கும்போது விரிந்த பூவின் மேல் எதையும் அடிக்காதீர்கள். தேனீக்கள் கூடு திரும்பிய பிறகு, அந்தி வேளையில் தெளிப்பது அவற்றுக்கும் நல்லது, இலைக்கும் நல்லது.

மிச்சம் விழாத அளவுக்குக் கலக்கப் பழகுங்கள். பத்துத் தொட்டிக்கு அரை லிட்டரே தாராளம். மிஞ்சினால் அதே வகைச் செடிக்கு அடித்துத் தீர்த்துவிடுங்கள். சாக்கடையிலும் குளத்திலும் ஊற்றாதீர்கள், சோப்பும் வேம்பும் மீனுக்கு ஆகாது. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம், தாகத்தோடு வருபவர் அதை எடுத்துக் குடித்துவிடுவார். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோப்பும் எண்ணெயும் மேலேறும்போது நுரையீரலுக்குள் போகும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதற்காகவே ஒவ்வொரு புட்டியிலும் என்னென்ன, எவ்வளவு, என்று கலந்தது என எழுதி ஒட்டுங்கள். புளிக்கவிடும் கரைசல்களின் மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். அளக்கும் கரண்டியும் அரைக்கும் ஜாடியும் தோட்டத்துக்கென்று தனியாக இருக்கட்டும், சமையலறைக்குத் திரும்ப வேண்டாம்.